மூன்று அங்குலம் உயர்த்தினோம், பிரேக் பைப்பை மறந்துவிட்டோம்

நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையில் விடியற்காலையில் எல்லாமே நனைந்துதான் இருக்கும். மழை பெய்திருக்கத் தேவையில்லை, மூடுபனி இறங்கினாலே தகரம், வேலிக்கம்பி, வண்டி எல்லாவற்றிலும் தண்ணீர் முத்து முத்தாகக் கோர்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் முன் இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்ததை நான் கவனிக்காமல் விட்டதற்கு அதுதான் காரணம். எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு டயர் இடுக்கில் மாட்டியிருந்த ஒரு கல்லைக் குத்தி எடுக்கக் குனிந்தபோது கை தற்செயலாக அந்த ஈரத்தில் பட்டது. தண்ணீர் விரலில் இப்படி நிற்காது, இது வழுவழுவென்று ஒட்டிக்கொண்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பிரிங் பட்டையில் அடித்திருந்த கறுப்புப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, நகம் பட்டதும் தோலாக உரிந்து வந்தது. பெயின்ட்டை அப்படித் தின்பது பிரேக் ஒயில்.

முந்தைய நாள்தான் 900 கிலோ கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய் வந்திருந்தேன். பக்கத்து சீட்டில் அக்காவின் மகன். லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று இறங்கிய வளைவுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் தேத்தண்ணியோடு வந்து "என்ன மாமா?" என்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை.

பழைய ஃபோர் வீல் வண்டியை உயர்த்த நினைக்கிற யாராவது இதைப் படித்தால், ஸ்பிரிங்குக்குச் செலவழிக்கிற அதே கவனத்தை பிரேக்குக்கும் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் நடந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

வண்டி தொண்ணூறுகளில் வந்த சிங்கிள் கெப் ஹைலக்ஸ், முன்னாலும் லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்), முழு எக்ஸல் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு). 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த மாதிரிப் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது, 2025இல் மறுபடி திறந்தும் புதிது வாங்குகிற நிலையில் எங்களைப் போன்றவர்கள் இல்லை. அதனால் இருக்கிறதைப் பார்த்துக்கொள்வது என்று முடிவு. எங்கள் மரக்கறித் தோட்டத்துக்குப் போகிற பாதை பழைய எஸ்டேட் ரோட்டு, ஒவ்வொரு மழைக்கும் மண் அரித்துக் கல் மட்டும் நிற்கும், குறுக்கே கான் (தண்ணீர் ஓடும் வாய்க்கால்) வெட்டியிருக்கும் இடங்களில் வண்டியின் வயிறு தட்டும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஸ்பிரிங்கை உயர்த்தினால் செசிதான், அதாவது வண்டியின் அடிச்சட்டம்தான் உயரும், எக்ஸலின் நடுவில் இருக்கிற டிஃப்பரன்ஷல் குண்டு அதே உயரத்தில்தான் இருக்கும். அது உயர வேண்டுமென்றால் டயர் பெரிதாக வேண்டும். எங்களுக்குத் தட்டியது செசிப் பக்கம் என்பதால் மூன்று அங்குலம் போதும் என்று நினைத்தோம்.

ஸ்பிரிங் வேலை செய்கிற ஓர் இடத்தில் கொடுத்தேன். பட்டைகளைக் கழற்றி வளைவு கூட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பட்டை சேர்த்து, நீளமான ஷொக் போட்டுக் கொடுத்தார்கள். அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எக்ஸல் கீழே போனதும் பிரேக் ஹோஸ் (ஒயில் போகிற இறப்பர் குழாய்) இழுபட்டிருக்கிறது, அதற்கு அவர்கள் செய்த வைத்தியம், ஹோஸைச் செசியோடு பிடித்திருக்கிற பிராக்கெட்டின் போல்டைக் கழற்றிவிட்டு, அதைச் சும்மா தொங்கவிட்டது. ஒன்றரை அங்குலம் தளர்ந்தது, வண்டி ஓடியது, யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் இருக்கிற ஆபத்தை எனக்குப் புரியவைத்தவர் ராகலையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிற பாஸ், எங்கள் பக்கம் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம். நாற்பது வருஷமாக எஸ்டேட் லேண்ட்ரோவர்களும் கொழுந்து லொறிகளும் பார்த்த கை. செசியில் ஓடுகிற பைப் இரும்பு, அசையக் கூடாதது. எக்ஸல் மேலும் கீழும் போகும், அதற்காகத்தான் இரண்டுக்கும் நடுவில் இறப்பர் ஹோஸ். இரும்பு முடிந்து இறப்பர் தொடங்கும் அந்த மூட்டைப் பிராக்கெட்டும் கிளிப்பும் இறுக்கிப் பிடித்திருந்தால்தான் அசைவு முழுவதையும் ஹோஸ் வாங்கிக்கொள்ளும். பிராக்கெட்டைக் கழற்றினால் ஒவ்வொரு குழிக்கும் இரும்புப் பைப் வளைந்து வளைந்து நிமிரும். கம்பியைக் கையால் முறிக்க வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம், இப்படியும் அப்படியும் வளைப்போம் இல்லையா, அதையே ரோட்டு செய்திருக்கிறது. பாஸ் பைப்பைக் கழற்றி, துணியால் துடைத்து, வெயிலில் திருப்பிக் காட்டினார். நட்டுக்கு மேலே, பைப்பின் கழுத்தில், தலைமுடி மாதிரி ஒரு கோடு. பைப்பில் பாதிச் சுற்றுக்கு ஓடியிருந்தது. "தம்பி, இன்னும் ரெண்டு தம்புள்ளை போயிருந்தா வட்டம் முழுசாயிருக்கும்" என்றார்.

பெடல் கொஞ்சம் கீழே போவதை நான் உணர்ந்திருந்தேன். பிரேக் லைனர் (சக்கரத்தில் உரசிப் பிடிக்கும் பட்டை) தேய்ந்திருக்கும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒயில் குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு லைட்டும் எரியவில்லை, பல்ப் எப்போதோ போயிருந்தது. சாவியைத் திருப்பும்போது அந்த லைட் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று இனி யார் வண்டியில் ஏறினாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

அடுத்து அளவெடுத்தோம். பாஸ் செசிக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்து, முன் எக்ஸலை முழுதாகத் தொங்கவிட்டார். தரையில் நிற்கும்போது பிராக்கெட்டிலிருந்து கீழ் மூட்டு வரை 11.5 அங்குலம். அதைப் பார்த்தால் 14 அங்குல ஹோஸ் தாராளம் என்றுதான் யாரும் சொல்வார்கள். எக்ஸல் தொங்கியபோது ஏறத்தாழ 14, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை திருப்பியபோது 15. அதாவது இடது சக்கரம் கானுக்குள் இறங்கி, நான் வளைவுக்காக ஸ்டியரிங்கையும் முழுதாக ஒடித்திருந்தால் ஹோஸ் கயிறு மாதிரி விறைத்திருக்கும். எங்கள் பாதையில் அப்படி ஒரு முடுக்கு உண்டு, தினமும் அதில் திரும்புகிறேன். உயர்த்திய வண்டியின் பிரேக் ஹோஸை, வண்டி சக்கரத்தில் நிற்கும்போது பார்த்துவிட்டுச் சரி என்று சொல்பவரை நம்பாதீர்கள். எக்ஸலைத் தொங்கவிட வேண்டும், இரண்டு பக்கமும் ஸ்டியரிங் திருப்ப வேண்டும், பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஜெக்கில் ஏற்றி மறு பக்கத்தைத் தொங்கவிட்டும் பார்க்க வேண்டும்.

முன்னால் இரண்டுக்கும் 17 அங்குல ஹோஸ் என்று முடிவு செய்தோம், பிராக்கெட் பழைய இடத்திலேயே திரும்ப ஏறும். பின்னால் நடுவில் ஒரே ஒரு ஹோஸ்தான், அது மேலும் கீழும் மட்டும் போவதால் வேறு வழி: 4 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, செசியில் பிராக்கெட் இருந்த ஓட்டையிலேயே போல்ட் போட்டு, பிடிக்கும் இடத்தை 2 அங்குலம் கீழே இறக்கினார். மேலிருக்கும் இரும்புப் பைப்பை ஒரே இடத்தில் மடிக்காமல், நீளமாக, பெரிய வளைவாக மெல்லக் கீழே கொண்டுவந்தார். அதில் அவர் காட்டிய பொறுமையைச் சொல்ல வேண்டும், ஒரு சோடாப் போத்தலை வைத்து அதன்மேல் பைப்பை அணைத்து அணைத்து வளைத்தார், எங்கேயும் நசுங்கவில்லை. பைப்பை அங்கே வெல்டிங் செய்யவோ, செசியில் வெல்டிங் செய்யும்போது ஹோஸைப் பக்கத்தில் விடவோ கூடாது, பொறி பட்டாலே இறப்பர் போய்விடும்.

ஹோஸ் தேடி அலைந்ததுதான் பெரிய பாடம். முதலில் ஒருவர் பழைய லேண்ட்ரோவர் ஹோஸைக் கொண்டுவந்து "இது நீளம், மாட்டுங்க" என்றார், தோட்டப் பக்கம் அவை நிறையக் கிடக்கும். மாட்டினால் இரண்டு சுற்று ஏறவும் ஏறியது. டொயோட்டாவில் பைப் நட்டு 10 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். பழைய லேண்ட்ரோவர்கள் பலவற்றில் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. 3/8 என்பது 9.5 மில்லிமீட்டர், மரை இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் கைக்குப் பொருந்துகிற மாதிரியே இருக்கும், அழுத்தம் வந்தால் உருவிக்கொண்டு வரும். பாஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கையால கடைசி வரைக்கும் வழுக்கிட்டுப் போகணும், ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. சந்தேகம் வந்தா போடாதே."

இரண்டாவது, பெக்கோவுக்கு (மண் தோண்டும் இயந்திரத்துக்கு) ஹோஸ் அழுத்திக் கொடுக்கிற ஓர் இடத்தில் "எவ்வளவு நீளம் வேணும்னாலும் செய்து தாறோம், இதைவிட நாலு மடங்கு பிரஷர் தாங்கும்" என்றார்கள். தாங்கும், உண்மைதான். ஆனால் அந்த ஹோஸின் உள் இறப்பர் ஹைட்ரோலிக் ஒயிலுக்கானது, பிரேக் ஒயில் அந்த வகை அல்ல, கிளைக்கோல் சார்ந்தது, அந்த இறப்பரை ஊதிப் பெருக்க வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே துவாரம் அடைபட்டு ஒரு பக்கச் சக்கரம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். கடைசியில் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் பழைய ஹோஸையும் அளவையும் கொடுத்தனுப்பி, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பிரேக்குக்கென்றே செய்த, எஸ்.ஏ.ஈ. ஜே1401 என்ற பிரேக் ஹோஸ் தரக் குறியீட்டை மேலே அச்சடித்த ஹோஸ்களை எடுத்தோம். பழைய பாகங்கள் விற்கும் கடையில் கழற்றி வைத்த ஹோஸ் மலிவாகக் கிடைக்கும், தயவுசெய்து வாங்காதீர்கள், இறப்பரின் வயது வெளியே தெரியாது.

வெடித்த பைப்புக்குப் பதிலாகப் புதுப் பைப் போட்டோம். ஃப்ரிட்ஜ் வேலைக்காரர்கள் வைத்திருக்கிற செப்புப் பைப்பை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வெறும் செப்பு அதிர்வில் இறுகிப்போய் வெடிக்கும். இரும்புப் பைப் அல்லது செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப், இரண்டில் ஒன்று. நுனியை விரிக்கும்போது ஜப்பான் வண்டிக்கு 45 பாகையில் இரட்டை மடிப்பு, ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் குமிழ் மாதிரி வரும், ஒன்றை மற்றதன் இருக்கையில் வைத்து எவ்வளவு இறுக்கினாலும் கசியும். நடுவில் வெட்டி, வளையம் போட்டு இறுக்குகிற கம்ப்ரெஷன் மூட்டு பிரேக்கில் கூடவே கூடாது. நட்டைத் திருகச் சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும், பைப் நட்டுக்கென்று வாய் வெட்டிய ஸ்பேனர் உண்டு, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது சக்கரம் நேராக இருக்க வேண்டும், ஹோஸின் மேல் ஓடுகிற கோடு முறுக்காமல் நேராக வர வேண்டும். செப்பு வோஷர்கள் புதிது. கிளிப் தட்டி ஏற்றினோம். நீளம் கூடிய ஹோஸுக்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு, எக்ஸல் மேலே ஏறும்போது அது வளைந்து டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசும். அதைக் கண்டுபிடிக்கப் பாஸ் செய்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஹோஸ் முழுவதும் சோக்கட்டியைத் தேய்த்து வெள்ளையாக்கி, வண்டியைத் தோட்டப் பாதையில் ஒரு சுற்றுப் போய் வரச் சொன்னார். வந்து பார்த்தால் வலப்பக்க ஹோஸில் ஒரு விரலளவு சோக் அழிந்திருந்தது, டயரின் உள் ஓரம் பட்டிருக்கிறது. பிராக்கெட்டை நாலு மில்லிமீட்டர் திருப்பிவிட்டு மறுபடி சோக், மறுபடி ஒரு சுற்று. மூன்றாவது தடவை சோக் அப்படியே இருந்தது.

பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையை, அதாவது எயார் எடுப்பதைச் செய்தது மருமகனும் நானும். பெடலை மிதித்தால் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து, பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது, கடைசியில் பின்னால் செசியில் இருக்கிற, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் நிப்பிள் (காற்றைத் திறந்துவிடும் சின்னத் திருகு). "அமத்து… பிடி… விடாதே… சரி, இப்ப விடு." நிப்பிளைப் பூட்டுவதற்கு முன் அவன் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், அதனால் நான் 'விடு' என்று சொல்லும் வரை அசையக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, அவன் பலம் முழுவதையும் போட்டு ஒரு நிமிஷம் பெடலை மிதித்திருக்க, நான் ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூப் பேப்பரைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்தபடி இருந்தது.

ஒயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடியில் டொட் 3 என்று பிரேக் ஒயிலின் வகை போட்டிருந்தது, டொட் 4 போட்டாலும் கலக்கும், டொட் 5 என்கிற சிலிக்கோன் வகை கலக்கவே கூடாது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எங்கள் ஊர் ஈரத்தைச் சொல்லத் தேவையில்லை. டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140 வரை இறங்கும். நுவரெலியா 1,868 மீட்டர், அங்கிருந்து கம்பளைக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம். பாரத்தோடு 2.5 தொன் வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் சக்தி, 100 லீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சினைக் கியரில் வைத்து ஒரு பெரும் பகுதியை நாம் அதன் தலையில் போடாவிட்டால் அத்தனையும் நாலு சக்கரத்தின் பிரேக்குக்குத்தான் போகும். ஒயில் கொதித்தால் பைப்பில் ஆவி, பெடல் பஞ்சு மாதிரித் தரை வரை போகும். எனவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழு ஒயிலையும் மாற்றுகிறேன், திறந்து பாதி மீதி வைத்த போத்தலைத் திரும்பப் பாவிப்பதில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, மழை, ராகலைக்கு இறங்கும் வளைவு, பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள். மிதித்தேன், முன் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி நேராக மேட்டுப்பக்கக் கானை நோக்கி வழுக்கியது. காலை எடுத்தேன், பிடி கிடைத்தது, திருப்பினேன். பாரம் பின்னால் இருக்கும்போது பின் சக்கரம் அல்லவா அதிகம் பிடித்திருக்க வேண்டும்?

காரணம் அந்தப் பின் வால்வுதான். செசியில் வால்வு, அதிலிருந்து ஒரு நெம்புகோல், ஒரு கம்பி எக்ஸலுக்கு. பாரம் ஏறினால் செசி எக்ஸலை நெருங்கும், நெம்புகோல் உயரும், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைத் தாராளமாக விடும். வெறும் வண்டியென்றால் குறைக்கும், இல்லாவிட்டால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழன்றுவிடும். நாங்கள் மூன்று அங்குலம் உயர்த்தியதில் நெம்புகோல் அவ்வளவு கீழே இழுபட்டு, வண்டியில் எப்போதுமே பாரம் இல்லை என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டது. அத்தனை நாளும் பெரும்பாலான வேலையை முன் பிரேக்தான் செய்திருக்கிறது. கம்பி பூட்டியிருக்கும் எக்ஸல் பிராக்கெட்டுக்குக் கீழே மூன்று அங்குலத் துண்டு வைத்துப் பழைய கோணத்துக்குக் கொண்டுவந்தார் பாஸ். நெம்புகோலை மேலே இழுத்துக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு, வால்வையே கழற்றி எறிகிறவர்களும் உண்டு. பாரம் இறக்கிவிட்டு மழையில் திரும்பி வரும்போது அதன் விலை தெரியும்.

இன்னும் சில: டயரைப் பெரிதாக்கினால், உதாரணத்துக்கு விட்டம் 29 அங்குலத்திலிருந்து 31 ஆனால், அதே மிதிக்குப் பிரேக்கின் பிடி 6 சதவீதத்துக்கு மேல் குறையும். ஹேண்ட் பிரேக் கேபிள் தொங்கும்போது இழுபடுகிறதா என்றும், எக்ஸலின் மூச்சுக்குழாய் எட்டுகிறதா என்றும் அதே ஸ்டாண்டில் வைத்தே பார்த்துவிடுங்கள்.

வால்வில் ஒரு வேலை மட்டும் மீதி இருக்கிறது. புதுப் பட்டைகள் பழையதைவிட இறுக்கம், அதே 900 கிலோவுக்கு செசி முன்போல அமுங்குவதில்லை, அதனால் கோணம் சரியாக இருந்தாலும் பாரத்தோடு வால்வு இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் திறக்கும். முன்னாலும் பின்னாலும் பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்த்தால்தான் எவ்வளவு என்று சரியாகச் சொல்ல முடியும். அடுத்த செவ்வாய்க்கிழமை கண்டியில் மீட்டர் உள்ள ஒரு கராஜில் நேரம் வாங்கியிருக்கிறேன், மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டுதான் போகிறேன். அதுவரை 500 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை, லபுக்கலையிலிருந்து இரண்டாம் கியரில்தான் இறங்குகிறோம்.